எழுதாமல் விட்ட மூன்று கேஸ்

செஞ்சி போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்த செல்லப்பனுக்கு எண்பத்து நாலாம் வருஷம் ஆடி மாசத்தில் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. ஊருக்குள் தலைதெறிக்க ஓடிவரும் பஸ்களைப் பிடிக்க வேண்டும். அதற்கு மெஷின் எதுவும் கிடையாது. இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டாப் வாட்சைக் கொடுத்தார், அவ்வளவுதான். திருவண்ணாமலை ரோட்டில், "வேகம் 30" என்று போர்டு நட்டிருக்கும் இடத்தைத் தாண்டி, நூறு மீட்டர் இடைவெளியில் தார் ரோட்டின் குறுக்கே இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். முதல் கோட்டில் கான்ஸ்டபிள் தனகோட்டி நிற்பான். பஸ்ஸின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் கையில் தூக்கிப் பிடித்திருக்கும் சிவப்புத் துணியை இறக்குவான். இரண்டாவது கோட்டில் நிற்கும் செல்லப்பன் அதைப் பார்த்து வாட்சை அமுக்குவார். பன்னிரண்டு செகண்டுக்கு முன்னால் பஸ் தன்னிடம் வந்துவிட்டால் முப்பதைத் தாண்டிய வேகம். விசில் ஊதி நிறுத்தி, பேரைக் கேட்டு, கேஸ் எழுத வேண்டியது.

கேஸ் எழுதுவதில்தான் செல்லப்பனுக்குக் கை ஓடாது. திருடனைப் பிடித்தால் எழுதலாம், சாராயம் காய்ச்சுகிறவனைப் பிடித்தால் எழுதலாம். இவர்கள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு விடிகாலையில் வேலைக்கு வருகிறவர்கள். இரண்டு கேஸ் விழுந்தால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவான். அதனால் அவர் முதல் தடவை திட்டி அனுப்புவார். இரண்டாம் தடவையும் பெரும்பாலும் திட்டித்தான் அனுப்புவார்.

அப்படி அவர் திட்டி அனுப்பியவர்களில் ஒருவன் தாவூத். அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வரும் பச்சை பஸ்ஸின் டிரைவர். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கோழியைக்கூட அடித்தவனில்லை. தலையில் சுமையோடு யாராவது வரப்பில் ஓடி வந்தால், ஏறுகிற வரைக்கும் பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பான். அந்த ரோட்டில் அவனைத் தெரியாத ஜனமே இல்லை.

முதல் தடவை ஒன்பது செகண்டில் வந்தான். "இன்னா பாய், பறக்குற?" என்றார் செல்லப்பன். தாவூத் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். இரண்டாம் தடவை எட்டு. மூன்றாம் தடவை ஏழு. அன்றைக்குச் செல்லப்பன் ஜன்னலோரம் போய் நின்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தே விட்டார்.

"ஏட்டய்யா, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க" என்று தாவூத் இறங்கி வந்தான். முகமெல்லாம் வேர்வை. "வளத்திக்கு அந்தாண்ட தரைப்பாலம் மழையில ஒடஞ்சி போச்சி, தெரியுமில்ல? ஏரிக்கரை மேல சுத்திக்கினு வரேன். எட்டு நிமிஷம் அங்கயே பூடுது. டைமிங் மட்டும் பழைய டைமிங்தான். நான் லேட்டா வந்தா பின்னால வர்ற மஞ்ச பஸ்காரன் நம்ம ஜனத்த ஏத்திக்கினு பூடுறான். கலெக்சன் கொறஞ்சா முதலாளி மூஞ்சியில துப்புறான்."

"டைமிங்க மாத்திக் கேக்கச் சொல்லு உன் முதலாளிய."

"கேக்கமாட்டான். மாத்தினா மஞ்ச பஸ்ஸுக்குப் பின்னால பூடுவோமாம். 'ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டுவான்'ங்கிறான்."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஜனம் எட்டிப் பார்த்தது. தாவூதின் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பதும், அவன் பெண்சாதி ஹபீபுன்னிசாவுக்கு நாலாவது மாசம் என்பதும் செல்லப்பனுக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்தை மூடினார். "அடுத்த தபா நீ என் தம்பியா இருந்தாலும் எழுதிடுவேன், பாத்துக்க" என்றார்.

அந்த அடுத்த தடவை நாலே நாளில் வந்தது.

சந்தை நாள். காலை பத்து மணி இருக்கும். தூரத்தில் பச்சை பஸ்ஸும் அதன் வாலைப் பிடித்தாற்போல மஞ்சள் பஸ்ஸும் வருவது தெரிந்தது. தனகோட்டியின் துணி இறங்கியது. செல்லப்பன் வாட்சை அமுக்கி நிமிர்வதற்குள் பச்சை பஸ் அவரைத் தாண்டிவிட்டது. ஆறு செகண்டு. விசிலை ஊதினார். பஸ் நிற்கவில்லை. நிற்கிற வேகத்திலும் இல்லை. பஜார் வளைவில் அது திரும்பி மறைந்ததும் டயர் தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் கூச்சல்.

செல்லப்பன் ஓடினார். சீத்தாப்பழக் கூடைக்காரி காத்தாயி ரோட்டில் கிடந்தாள். கோட்டை மலையடிவாரத்தில் பழம் பொறுக்கி, தினமும் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். ரோட்டைப் பாதிக்கு மேல் கடந்துவிட்டாள். பஸ்ஸின் இடது முனை காலில் இடித்து அவளையும் கூடையையும் சேர்த்துத் தள்ளியிருந்தது. தார் ரோட்டு மேல் வெள்ளை வெளேரென்று பழச்சதை நசுங்கிக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததும் செல்லப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாவூத் அதற்குள் இறங்கி அவள் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தான். "தண்ணி, தண்ணி" என்று யாரையோ பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கூட்டத்தில் நாலு பேர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அடிக்க ஆரம்பித்தார்கள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. செல்லப்பன் நடுவில் புகுந்து இரண்டு அடியைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டுதான் அவனை இழுத்து வர முடிந்தது. கடலை வியாபாரி ஒருவரின் வேன் வந்தது. அதில் காத்தாயியை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று சொல்லி, அங்கிருந்து அன்றைக்கே பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேன் புறப்படுவதற்கு முன் காத்தாயியின் மகள் ரஞ்சிதம் எங்கிருந்தோ ஓடிவந்து ஏறினாள். ஏறியவள் செல்லப்பனைப் பார்த்ததும் நின்றாள்.

"தெனம் அங்கதான நிக்கிறீங்க, ஏட்டய்யா? கோடு போட்டுக்கினு, துணி புடிச்சிக்கினு?"

"ஆமாம்மா."

"இன்னாத்துக்கு நிக்கிறீங்க?"

வேன் போய்விட்டது. செல்லப்பன் அங்கேயே நின்றார். ரோட்டில் சிதறிக் கிடந்த பழங்களில் முழுசாக இருந்தவற்றைத் தனகோட்டி பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு மதியம் வீட்டுக்குப் போனவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி சுந்தராம்பாள் என்ன என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னார். "நீயா வண்டி ஓட்டின?" என்றாள் அவள், ஆறுதலாகத்தான். ஆனால் அந்த ஆறுதல் அவருக்கு ஒட்டவில்லை. முதல் தடவையே எழுதியிருந்தால் தாவூத் கோர்ட்டில் நின்று அபராதம் கட்டியிருப்பான், முதலாளியிடம் சண்டை போட்டிருப்பான், வேலையே போயிருந்தாலும் போயிருக்கும். ஆனால் காத்தாயி இன்றைக்குப் பழம் விற்றுவிட்டு வீட்டுக்கு நடந்து போயிருப்பாள். ஒருவன் மேல் காட்டிய இரக்கத்துக்கு இன்னொருத்தியின் கால் போயிற்று. அந்த இரக்கத்தைக் காட்டலாமா என்று அவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

கேஸ் பதிவானது. தாவூத் ஜாமீனில் வந்தான். முதலாளி விழுப்புரத்திலிருந்து ஒரு வக்கீலை அமர்த்தினான். பஸ் மிதமான வேகத்தில்தான் வந்தது, அந்த அம்மாள்தான் பார்க்காமல் குறுக்கே ஓடினாள் என்பது வக்கீலின் வாதம். "குற்றம் செய்யவில்லை" என்று சொல்லும்படி தாவூதுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே சொன்னான்.

விசாரணைக்கு முந்தின நாள் இன்ஸ்பெக்டர் செல்லப்பனைக் கூப்பிட்டார். "வாட்ச்சில ஆறு செகண்டுன்னு மட்டும் சொல்லுய்யா. முன்னாடி புடிச்சி விட்டதெல்லாம் உன் வாயால வரக்கூடாது. உனக்குத்தான் கேடு."

"சரிங்கய்யா" என்றார் செல்லப்பன். அப்போது அவருக்கு வேறு எண்ணமும் இல்லை.

செஞ்சி கோர்ட்டில் முதலில் காத்தாயியைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏற்றுவது என்றால் ரஞ்சிதமும் இன்னொருத்தியும் இரண்டு பக்கமும் தாங்கித்தான். காலில் இன்னும் கட்டு. வக்கீல் அவளை விடவில்லை. "மஞ்சள் பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பழம் விற்கத்தானே அவசரமாக ஓடினாய்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். "ஓடலிங்க. நடந்துதாங்க போனேன். தலையில கூடைய வச்சிக்கினு எப்டிங்க ஓடறது?" என்றாள் அவள். நாலாம் தடவை கேட்டபோது அழுதுவிட்டாள். எதிர்க் கூண்டில் தாவூத் தலை குனிந்து நின்றான்.

அடுத்தது செல்லப்பன். சுண்ணாம்புக் கோட்டையும் ஆறு செகண்டையும் சொல்லி முடித்தார். வக்கீல் எழுந்தார்.

"பன்னிரண்டு வருஷமாக இந்த ஓட்டுநர் பஸ் ஓட்டுகிறார். இவர் மேல் இதற்கு முன்னால் வேகமாக ஓட்டியதாக ஒரு கேஸாவது உண்டா?"

இல்லை என்று சொன்னால் போதும். அது பொய்யுமில்லை. செல்லப்பன் காத்தாயியைப் பார்த்தார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லிங்க" என்றார். பிறகு, "நான் எழுதலிங்க" என்றார்.

வக்கீலுக்குப் புரியவில்லை. "என்ன எழுதவில்லை?"

"இதுக்கு முன்ன மூணு தபா நானே புடிச்சேங்க. ஒம்பது செகண்டு, எட்டு செகண்டு, ஏழு செகண்டு. மூணு தபாவும் பாவம் பாத்து விட்டுட்டேன்."

"அப்படியானால் கடமையில் தவறினீர்கள் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஆமாங்க. தவறிட்டேன். எழுதியிருந்தா அந்தம்மாவுக்குக் கால் நல்லா இருந்திருக்கும்."

கோர்ட்டில் யாரோ இருமினார்கள். மாஜிஸ்டிரேட் பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். பின் வரிசையில் இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

செல்லப்பன் கூண்டைவிட்டு இறங்கும்போது எதிர்ப் பக்கத்திலிருந்து தாவூத் கையைக் கூப்பினான்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

வக்கீல் பதறி, "நீ சும்மா இரு" என்றார்.

"இல்லிங்க, சொல்லிடறேன். அந்தம்மா ஓடல. நடந்துதான் போனாங்க. நான் பாத்தேன். பாத்தும் பிரேக்க உடனே மிதிக்கல. ஆரன் அடிச்சா வெலகிடுவாங்கன்னு நெனச்சேன். பின்னால மஞ்ச பஸ் வந்துக்கினு இருந்துச்சி, எனக்கு அதுதான் கண்ணுல இருந்துச்சி." அப்புறம் பாலம் உடைந்ததையும் எட்டு நிமிஷத்தையும் முதலாளி சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். "அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்ல வரலிங்க. நடந்தத சொன்னேன்."

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. தாவூதுக்கு அபராதமும், கோர்ட் கலையும் வரை காவலும் விதித்து, ஒரு வருஷத்துக்கு லைசென்ஸைப் பறித்தார்கள். பாலம் கட்டி முடிக்கும் வரை அந்த ரூட்டின் நேரத்தை மாற்ற வேண்டும் என்று மாஜிஸ்டிரேட் தீர்ப்பிலேயே எழுதியிருந்தார். ஐப்பசி பிறப்பதற்குள் பச்சை பஸ்ஸுக்கும் மஞ்சள் பஸ்ஸுக்கும் புது டைமிங் வந்தது. செல்லப்பனுக்கும் ஒரு உத்தரவு வந்தது. ஒரு வருஷ இன்கிரிமென்ட் கட். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பு அன்றைக்கு மாலை கோர்ட் கலைந்ததும் தாவூத் வாசலில் காத்தாயிக்காகக் காத்திருந்தான். செல்லப்பனும் பக்கத்தில் நின்றார். காத்தாயி கட்டையை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தாள்.

"அம்மா..." என்று ஆரம்பித்தான் தாவூத்.

"கால் இன்னும் நோவுதுப்பா. பனி வந்தா இன்னும் நோவும்னு சொல்றாங்க. நோவுலன்னு உனக்காவச் சொல்ல முடியாது" என்றாள் அவள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா நான் ஓடினேன் ஓடினேன்னு அந்த வக்கீல் சொன்னாம் பாரு, அது இதவிட நோவா இருந்துச்சி. அத நீ இல்லன்னுட்ட. அது போதும், போ."

அம்மாவை ரோட்டைக் கடத்த வேண்டியிருந்தபோது ரஞ்சிதம் செல்லப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நடு ரோட்டில் போய் நின்று கையைக் காட்டி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். அவர்கள் கடந்து போக வெகு நேரமாயிற்று. ஒரு லாரிக்காரன் ஆரன் அடித்தான். செல்லப்பன் அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

தாவூத் அந்த ஒரு வருஷமும் நெல் மண்டியில் மூட்டை தூக்கினான். ஹபீபுன்னிசாவுக்குத் தையில் பெண் குழந்தை பிறந்தது.

செல்லப்பன் தீர்ப்புக்கு மறுநாளே ரோட்டுக்குத் திரும்பியிருந்தார். முதல் வாரத்தில் மாட்டியவன் சேத்துப்பட்டுப் பக்கத்துப் பையன், ஒரு பஸ்ஸின் புது டிரைவர். காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகிறதாம், நைனா படுத்த படுக்கையாம், தங்கச்சிக்கு வர்ற தையில் கல்யாணமாம். செல்லப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நைனாவுக்கு என்ன உடம்பு என்று விசாரித்தார். மாப்பிள்ளை எந்த ஊர் என்றும் கேட்டார்.

"இவ்ளோ கேக்கிறீங்களே, விட்டுடுங்கய்யா" என்றான் அவன்.

"பேரச் சொல்லு" என்று செல்லப்பன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கடைசி வரி வரைக்கும் எழுதி, கிழித்து அவனிடம் கொடுத்தார்.