படிக்கக் கூடாத காகிதம்

என் அண்ணன் வரி ஆடிட்டர். அவர் ஆபீசில் அரைச் சம்பளத்துக்கு மாடாய் உழைக்கிற தங்கை நான். "கிளையன்ட் காகிதத்த படிக்கக் கூடாதும்மா, அதான் தொழில் தர்மம்" என்பது அவர் தினமும் ஓதும் வேதம். வரிச் சந்தேகம் தீர்க்கும் ஏஐ ஒன்றை வாங்கினார். அலமாரியில் இருந்த அத்தனை கோப்புகளையும் மூன்று மாதமாக ஸ்கேன் செய்து அதில் ஏற்றினேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இன்று அதைச் சோதித்துப் பார்க்க என் பெயரைப் போட்டு, என் சந்தேகத்தையே கேட்டேன். "இறந்துபோன அப்பாவின் வீட்டை விற்றால் என் பங்குக்கு எவ்வளவு வரி?"

"உங்களுக்குப் பங்கு இல்லை. விடுதலைப் பத்திரம் எழுதி அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்" என்றது ஏஐ.

விடுதலையாம்! பதிலுக்குக் கீழே ஆதாரமாகக் காட்டிய பக்க எண்ணைத் தட்டினேன். பத்திரத்தின் அடியில் என் கோழிக்கிறுக்கல் கையெழுத்து. அப்பா இறந்த வாரத்தில், "பேங்க் ஃபாரம்தாம்மா, போடு" என்று அண்ணன் நீட்டிய காகிதம் அது.

கணினியை எதிர் மேசையில் இருந்த அண்ணன் பக்கம் திருப்பினேன். "என்னண்ணா இது?"

அவர் முகம் சிவந்தது. வெட்கத்தில் இல்லை, கோபத்தில்.

"கிளையன்ட் காகிதத்த படிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"