சீசியம் வீட்டு வெளி அறை

தனிம அட்டவணைக் காலனியில் வீடு மாறினால் கீழ் வரிசைக்குத்தான் மாறலாம். மேலே திரும்பிப் போக முடியாது. எல்லாக் காலனியிலும் ஏதாவது ஒரு விதி இருக்கத்தானே செய்கிறது.

வேதவல்லி முதலில் இருந்தது இடது ஓரத்து லித்தியம் வீட்டில். இரண்டே அறை. ஒரு வரிசை இறங்கினால் ஓர் அறை கூடும். யாருக்குத்தான் ஆசை விடும்? சோடியத்துக்குப் போனாள், பொட்டாசியத்துக்குப் போனாள், ருபீடியமும் போதாதென்று இப்போது சீசியம். ஆறு அறை, வெங்காயம் மாதிரி ஒன்றைச் சுற்றி ஒன்று. நடுவில் அடுப்படி. கடைசிப் பிள்ளைக்கு வெளி அறை என்பது அங்கே வழக்கம். வேதவல்லிக்கு இருந்ததே ஒரு பெண், பூங்கோதை. அவளும் வெளி அறைக்குப் போனாள்.

லித்தியத்தில் இருந்தபோது அடுப்படியிலிருந்து கை நீட்டினால் பெண்ணின் பின்னலைப் பிடித்து இழுக்கலாம். தோசை சூடாகவே தட்டுக்குப் போகும். அடடா, அது ஒரு காலம்! இப்போது தோசையோடு கிளம்பினால் நடை நீண்டுகொண்டே போகிறது. போய்ச் சேரும்போது வேதவல்லிக்குத் தலை நரைத்திருக்கும். திரும்பி வந்தால் கறுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை புளோரின் வீட்டு ஜெயலட்சுமி பெண் கேட்டு வந்தாள். வலது பக்கத்தில் அவர்கள் நிரல் முழுக்க, மேலிருந்து கீழ் வரை, வீட்டுக்கு ஓர் ஆள் குறைவு. அதிலும் மேல் வீட்டுக்காரியான இவளுடையது குரங்குப்பிடி. அவளுக்கு மட்டும் நடை நீளவில்லை. நேராக அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

“எங்க வீட்ல ஒரு ஆள் குறையுது, சம்பந்தியம்மா.”

“என்கிட்ட இருக்கறதே ஒண்ணுதானே.”

“அதனாலதான் வந்தேன். ரெண்டு இருக்கற வீட்ல கொஞ்சம் இழுபறி ஆகும்.”

சொல்லிவிட்டு வெளி அறைக்குப் போய்விட்டாள்.

“பூங்கோதை, போகாதடி!” என்று வேதவல்லி கத்தினாள். குரல் நான்காவது அறை வரை போனது. அங்கே ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பாழாய்ப் போன குரல்! அதைத் தாண்டி இவளே ஓடினாள்.

பூங்கோதை கையில் பையோடு நின்றாள். “கூப்பிட்டியாம்மா? கேக்கவே இல்லியே.”

வேதவல்லி அவள் கையைப் பிடித்தாள். விரல்கள் தாமாகவே விரிந்துகொண்டன. சீசியத்தில் யாருக்கும் அப்படித்தான். பெற்ற வயிறு பற்றி எரிந்தது, விரல் மட்டும் கேட்கவில்லை.

பெண் போனதும் வெளி அறை உதிர்ந்து விழுந்தது. வீடு சுருங்கி ஐந்து அறையானது.

சாயங்காலம் செனான் வீட்டு எதிராஜுலு வந்தார். வீட்டு எண்படி பக்கத்து வீடு, நடந்தால் அந்தக் கோடி. நிறைந்த வீட்டுக்காரர். இதுவரை யாரோடும் ஒட்டியதில்லை.

“வாழ்த்துகள்மா. இப்ப உங்க வீடும் எங்க வீடும் அஞ்சு அறை, ஒரே கணக்கு. இனிமே உங்களுக்கு யாருமே வேண்டாம்.”

“யாருமேவா?”

“யாருமே,” என்றார் சந்தோஷமாக.

வேதவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை இதற்கு முன் யாரும் பிடித்ததில்லை.