வாசம் தெரியாத வேல்பாண்டி

கொரோனா இரண்டாம் அலையில் வேல்பாண்டியின் மனைவி முனீஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதே காய்ச்சலில் படுத்து எழுந்த அவருக்கு மூக்கில் வாசம் தெரியாமல் போயிற்று. திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவரை, மகள்தான் கம்பத்தில் துக்கத்தில் இருப்பவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் நடக்கும் தோட்டப் பயிற்சிக்கு வம்படியாக அனுப்பிவைத்தாள்.

ஒரு சனிக்கிழமை, பயிற்சி தரும் பாஜிலா எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஆளுக்கொரு இலையைக் கையில் கொடுத்தாள். "மோந்து பாத்துட்டு, மனசுல யாரு வாராகன்னு சொல்லுங்க."

ஒருத்தி தன் அம்மாவைச் சொன்னாள். இன்னொருவர் செத்துப்போன தம்பியைச் சொன்னார். வேல்பாண்டி இலையை மூக்கோடு அழுத்திப் பார்த்தார், ஒன்றுமே தெரியவில்லை.

"எனக்கு வாசம் தெரியாது தாயி. வேற ஆளக் கேளு" என்று எழப் போனார்.

பக்கத்தில் இருந்த அம்சத் பீவி, "தடவிப் பாருங்கண்ணே. மூக்கு போனா வெரலுமா போயிருச்சு?" என்றாள்.

தடவினார். தடித்த இலை, மேலெல்லாம் பூனைமுடி. கற்பூரவல்லி. அவருக்குச் சளி பிடித்தால் முனீஸ்வரி கொதிக்க வைத்துக் கொடுப்பது. கடைசியாக அவர் இருமியபோதும், தனக்குக் காய்ச்சல் அடிப்பதைச் சொல்லாமல், கொல்லையில் நின்று இதைத்தான் பறித்தாள்.

"எம் பொண்டாட்டி" என்றார். அவளைப் புதைத்த நாளில்கூட வராத அழுகை, அத்தனை பேர் முன்னாலும் வந்தது. யாரும் தடுக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து அங்குள்ள பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மற்ற நாட்களில் வீட்டுக்குள்தான் இருக்கிறார்.