செய்முறை விளக்கம்

நெற்றியில் போட்ட மூன்று தையலை இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் காஜாக்காவை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா அடிப்பவள் என்பதால் ஆலை முழுக்க அவளுக்கு அந்தப் பெயர்தான். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ‘பணியிட வன்முறை தடுப்புப் பயிற்சி’ என்று புத்தம்புது பேனர் தொங்கியது. வகுப்பெடுக்க வந்தவர் வேறு யாருமில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு காஜா கோணலாகிப்போனதற்கு நூல்கண்டு போட்டுவைக்கும் இரும்பு பாபின் டப்பாவை அவள் முகத்தில் விட்டெறிந்த அதே சூப்பர்வைசர்தான். முகத்தில் ஈயாடாமல் வந்திருந்தாலாவது சரி, மனுஷன் பவுடர் பூசிக்கொண்டு பல்லை இளித்துக்கொண்டு வந்திருந்தார்.

அவள் மடியில் ஒரு தாள். ‘படியில் கால் இடறி விழுந்தேன்’ என்று டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஆள் நிர்வாகத்தைக் கவனிக்கும் ஆபீஸ் அம்மா காலையிலேயே தோளைத் தடவிக்கொண்டு சொன்னாள்: “சாயங்காலத்துக்குள்ள குடுத்துடும்மா. உன் தங்கச்சியும் இங்கதானே வேலை பாக்குறா. அவளையும் நெனச்சுப் பாரு.” தொட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் தேவலை என்றிருந்தது.

“கோவம் வந்தா என்ன பண்ணணும்? ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணணும்,” என்றார் சூப்பர்வைசர். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்த பெண் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். இந்தக் கூத்தெல்லாம் அவளுக்காகத்தான்.

“இப்ப செஞ்சு காட்டலாம்,” என்று எழுந்தாள் ஆபீஸ் அம்மா. “அடிபட்ட ஆளா யாராவது வாங்க. காஜாக்கா, நீயே வாயேன். கட்டு இருக்கு, பொருத்தமா இருக்கும்.”

சூடு சொரணை என்பது இவர்களுக்குப் பிறவியிலேயே கிடையாதா? அவள் எழுந்து போனாள். மூன்றாவது வரிசையில் தங்கை, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

சூப்பர்வைசர் மைக்கைக் காஜாக்காவின் வாயருகே நீட்டினார். குரலில் தேன் ஒழுகியது. “பயப்படாம சொல்லும்மா. உன்னை அடிச்சது யாரு?”

“நீங்கதான் சார்.”

ஆய்வுக்கு வந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

“அடேயப்பா, என்னமா நடிக்கிறா!” என்று சிரித்தார் அவர். ஆபீஸ் அம்மா கைதட்டினாள். பயந்துபோய் இன்னும் நாலைந்து பேர் தட்டினார்கள்.

“நடிக்கல,” என்றாள் காஜாக்கா.

அவர் மைக்கை இழுத்தார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது.