கடைசி ஆள் வந்ததும் கிளம்பணும்

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போனவர்கள் நின்று, கடைசி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கேட்க எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள். அது எப்படிப்பட்ட மரியாதை என்று கடைசி ஆளைத்தான் கேட்க வேண்டும். கடைசி ஆள் நான்.

கூட்டம் என்றால் நாலே பேர். தலைமை என் வீட்டுக்காரர். வார நாளில் டைல்ஸ் கடை முதலாளி, ஞாயிற்றுக்கிழமை ‘கேப்டன்’. அவரோடு ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல். மூன்று பேரிடமும் கிராவல் சைக்கிள் இருக்கிறது. வளைந்த கைப்பிடி, தடித்த டயர், சரளைக்கல் பாதையில் ஓட்டவென்றே செய்தது. வீட்டுக்காரருடையது கார்பன் சைக்கிள். அதைத் துடைக்கத் தனித் துணி உண்டு, அந்தத் துணியைக்கூட நான் தொடக்கூடாது. நான் ஓட்டுவது மகள் விட்டுப்போன சைக்கிள். டயரை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

மகள் படிக்க வெளியூர் போன பிறகு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடும்போது “உப்பு” என்பார், அப்புறம் “போதும்” என்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சைக்கிள்களைக் காரிலிருந்து இறக்கும்போது அந்த இரண்டு பேரோடு வாசலில் நின்று அவர் சிரிக்கிற சத்தம் மாடிவரை கேட்கும். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. கல்யாணமான புதிதில் எனக்கும் கிடைத்ததுதான். அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்காதா என்றுதான் நாற்பத்தெட்டு வயதில் சைக்கிள் ஏறினேன். உடம்பு இளைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. இளைக்கவும் இல்லை.

ஏற்றம் ஏறி நாக்குத் தள்ள நான் வரும்போது அவர்கள் மதகுச் சுவரில் உட்கார்ந்திருப்பார்கள். ஹெல்மெட் கழற்றி, வியர்வை காய்ந்து, பேரீச்சம்பழக் கொட்டைகளைப் புதரில் துப்பிக்கொண்டு. யாரோ ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரம் பார்த்துத்தான் நான் போய்ச் சேருவேன். எனக்குக் கிடைப்பது சிரிப்பின் வால்.

“வந்துட்டியா? உனக்காகத்தான் காத்திருந்தோம்” என்பார் வீட்டுக்காரர். “கிளம்பலாம். உட்கார்ந்தா உடம்பு ஆறிடும்.”

ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில் நான் நிற்க, மூன்று பேரும் ஏறிப் போய்விடுவார்கள். ஓய்வு தேவையில்லாதவர்களுக்கு ஓய்வு, தேவைப்பட்டவளுக்குக் கிடையாது. இப்படியே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை.

ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். “ஏங்க, நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேனே?”

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இடையில நின்னா கால் பிடிச்சுக்கும். அனுபவத்துல சொல்றேன், கேளு.”

கேட்டேன். அனுபவசாலி சொல்கிறாரே என்று நம்பவும் செய்தேன்.

கடைசி ஆளுக்கு வேலைகளும் உண்டு. மேய்ச்சல் நிலத்தின் இரும்புக் கேட்டுகளை மாடு வெளியே போகாதபடி சாத்திவிட்டு வருவது என் வேலை. பஞ்சர் சாமான், மருந்து, பிளாஸ்க் எல்லாம் என் பையில். கடல் எப்போது ஏறும் என்று பார்த்துச் சொல்வதும் நான்தான். காட்டுக்குள் ஏறி, மரக்கட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் முக்கில் இறங்கினால், பாறைச் சரிவுக்கு அடியில் ஈர மணல் கெட்டியாக, தார் ரோடு மாதிரி நீண்டு கிடக்கும். எங்கள் பாதையிலேயே அழகான துண்டு அதுதான். கடல் ஏறிவிட்டால் அந்த ரோடே இருக்காது. அப்போது பாறைக்கு மேலே, மேய்ச்சல் நிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அன்று காலையிலேயே சொன்னேன். “இன்னைக்குக் கடல் சீக்கிரம் ஏறுது. கட்டை முக்குல ரொம்ப நேரம் உட்கார்ந்துடாதீங்க.”

டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் மண்டையை ஆட்டினார். நான் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்ளாதபோது ஆட்டுகிற ஆட்டல் அது. எனக்குக் கடலும் தெரியும், அவர் தலையாட்டலும் தெரியும்.

ஆனால் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. என் கையில் ஒரு ரகசியம் இருந்தது. போன ஞாயிறு பஞ்சராகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஒரு குறுக்கு வழியைப் பார்த்துவிட்டேன். காட்டுத் தீ பரவாமலிருக்க மரங்களை வெட்டி விட்டிருந்த நேர்கோடு. சரளைப் பாதை குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது, இந்தக் கோடு நேராகக் கட்டை முக்கில் போய் விழுகிறது. இன்றைக்கு நான் முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் வியர்த்து விறுவிறுத்து வருவார்கள். “வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்” என்று சொல்வேன். அவர் சிரிப்பார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். காலையில் பல் தேய்க்கும்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

முதல் முக்கில் வழக்கம்போல நான் வந்ததும் கிளம்பினார்கள். வளைவில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டுக் கோட்டில் இறங்கினேன். கட்டை முக்குக்கு வந்தபோது ஒரு ஈ காக்கை இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷத்தில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தேன், அது உடனே வேலையைக் காட்டியது. சைக்கிளோடு மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே சரளையில் டயர் சத்தம் கேட்டது.

இந்த நிலையில் எப்படி முன்னால் போவது என்று ஒரு நிமிடம் தயங்கினேன். அந்த ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

“போங்க போங்க, நான் வந்துடுறேன்” என்று மூச்சிரைக்க ஒரு குரல். என் குரல்தான். பேசியது என் வீட்டுக்காரர். இடையில் ஹா, ஹா என்று இழுத்து, கடைசியில் ஒரு விக்கலும் வைத்தார். நான் விக்குவேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது. வக்கீல் சிரித்துச் சிரித்து இருமினார்.

“ஆனா கேப்டன், மேடத்தை ஏன் ஒவ்வொரு வாரமும் கூட்டிட்டு வர்றீங்க?” பல் டாக்டர் கேட்டார்.

“நானா கூட்டிட்டு வர்றேன்? ஒட்டிக்கிட்டு வருது. மூஞ்சிக்கு நேரா வராதேன்னு சொல்ல முடியுமா? அதான் ஒரு வழி பண்ணி வச்சிருக்கேன். அவ வந்து சேர்ந்ததும் கிளம்பிடணும். மூச்சு வாங்க விட்டா பழகிடுவா. விடாம ஓட்டினா இன்னும் ரெண்டு மாசத்துல அவளே சைக்கிளைத் தூக்கிப் போட்டுடுவா.”

“உடம்பு ஆறிடும்னு சொல்வீங்களே?”

“ஆறும், ஆறும்” என்றார். மறுபடி சிரிப்பு.

இதுவரை எனக்கு வால் மட்டும்தான் கிடைத்தது. இன்றைக்கு முழுசாகவே கிடைத்துவிட்டது. அடுக்கின் பிசின் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வெளியே போய் முகத்தில் அறைகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அதையும் அடுத்த வாரம் விக்கலோடு நடித்துக் காட்டுவார்.

அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. சொரணையில்லாத மனசு, அப்போதும் ஏதோ எதிர்பார்த்தது.

“மேடத்தை இன்னும் காணோமே” என்றார் வக்கீல்.

“எங்க போயிடப் போறா? தள்ளிட்டு வந்துட்டிருப்பா. நாம கிளம்பலாம்.”

“கடைசி ஆள் வரணுமே?”

“அட, வருவா.”

“கடல் ஏறியிருக்காதா?” இது டாக்டர்.

“கேக்கறேன் இருங்க.”

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘எங்கே இருக்கிறாய்’ இல்லை. ‘விழுந்துவிட்டாயா’ இல்லை. ‘கடல் எப்போ ஏறும்?’ அவ்வளவுதான்.

அந்நேரம் கடல் ஏறத் தொடங்கியிருந்தது. பாதி தூரம் போவதற்குள் பாறை அடிவாரத்தைத் தொட்டுவிடும். செத்துப்போக மாட்டார்கள், அதையும் யோசித்துப் பார்த்துக்கொண்டேன். இடுப்பளவுதான் வரும், எட்டும் தூரத்தில் பாறையில் வெட்டிய படிகள் இருக்கின்றன. போனைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டேன். காலையில் ஒருமுறை சொல்லியாயிற்று.

“பதில் இல்லை. வழக்கம்போலப் போனைப் பைக்குள்ள போட்டிருப்பா. வாங்க, நேரம் இருக்கும்” என்று இறங்கிப் போனார்கள்.

நான் மேல் பாதையில் போனேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு கேட்டையும் திறந்து, கடந்து, கொக்கியைச் சரியாக மாட்டினேன். மாடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்தன. சரிவின் விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே மணலைக் காணோம். மூன்று பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறையை ஒட்டித் தடுமாறுவது தெரிந்தது. ஒரு அலை வந்து என் வீட்டுக்காரரைப் பாறையோடு அறைந்தது. கார்பன் சைக்கிள் கையை விட்டுப் போய்ப் பாறையில் மோதியது. அவர் அதைப் பிடித்து இழுத்தார், அடுத்த அலை மறுபடி பிடுங்கியது. தனித் துணி வைத்துத் துடைத்த சைக்கிள். நன்றாக இருந்தது. வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை, பார்க்க நன்றாகவே இருந்தது.

படிகளின் தலைமாட்டில் சைக்கிளைச் சாய்த்து, புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்தேன். முதலில் டாக்டர் ஏறி வந்தார், ஷூவிலிருந்து தண்ணீர் வழிய. என்னைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தபடியே நின்றது, பல் டாக்டரின் பல்லே வெளியே தெரிந்தது. அப்புறம் வக்கீல், முழங்கையில் சிராய்ப்போடு.

“மேடம், நீங்க எப்படி...”

“உட்காருங்க. கேப்டன் வரட்டும்” என்று டப்பாவை நீட்டினேன். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். சிராய்ப்புக்கு மருந்து போட்டேன். இரண்டு பேரும் காற்று வாங்கினார்கள், மூச்சு சீரானது, நிறம் திரும்பியது. கடைசி ஆள் வரும்வரை காத்திருந்தோம். சட்டம் சட்டம்தானே.

அவர் வந்தார். ஒரு கையில் சைக்கிள், இன்னொரு கை படியில். சட்டகத்தில் நீளமாக ஒரு விரிசல். உதடு நீலம் பாரித்திருந்தது. கடைசிப் படியில் அப்படியே சரிந்து உட்காரப் போனார்.

நான் எழுந்து ஹெல்மெட்டை மாட்டினேன்.

“வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்திருந்தோம். கிளம்பலாம். உட்கார்ந்தா உடம்பு ஆறிடும்.”

அவர் என்னைப் பார்த்தார். கட்டை முக்கில் பேசியது எனக்குக் கேட்டுவிட்டது என்று அவருக்குப் புரிந்தது, முகத்தில் தெரிந்தது.

“ஒரு நிமிஷம்... மூச்சு வாங்கிக்கறேனே...”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றேன்.

டாக்டரும் வக்கீலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழக்கத்தில் எழுந்து, கால் சட்டையைத் தட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறினார்கள்.

கார் நிற்கிற இடம்வரை சரளைப் பாதைதான், லேசான ஏற்றம். பின்னால் அவர் சைக்கிள் கடகடவென்று முனகுவது கேட்டது, மூச்சும் கேட்டது. வளைவு திரும்பும்போது டாக்டர் என் பக்கம் சாய்ந்து, கேப்டன் படியேறி வந்த கோலத்தைப் பற்றி ஏதோ சொன்னார். வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், வயிறு வலிக்கும்வரை. பின்னால் வந்தவருக்கு வால் மட்டும் கேட்டிருக்கும்.