எட்டு மெகாபிக்சல் மூக்குத்தி

காணாமல் போனது ஒரு பட்டுச் சேலை. கீரனூர் கடைத்தெருவில் முகம்மது கனியின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மூன்று பெண்களில் மூக்குத்தி போட்டவள் ராசாத்தி மட்டும்தான். திருடியது அவள்தான் என்று சொல்ல, கனிக்கு அதுவே போதும்.

"நீயே பாரு" என்று கனி கேமராத் திரையை அவள் பக்கம் திருப்பினார். முந்தின நாள் சாயங்காலம், கரண்ட் போய் கேமரா மட்டும் பேட்டரியில் ஓடிய நேரம். சரக்கு அறையில் ஒரு பெண் அலமாரியிலிருந்து எதையோ உருவுகிறாள். முகம் கலங்கிக் கிடந்தது. மூக்கில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி.

"நான் அந்தப் பக்கமே போகல மொதலாளி."

"பழைய கேமரா ரெண்டு மெகாபிக்சல். இது எட்டு. பொய் சொல்லுமா?"

கேமரா மாட்டிக் கொடுத்த கோபிநாத்தை அவர்தான் சாட்சிக்கு வரவழைத்திருந்தார். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். இவனும் சேர்ந்துதான் நம்மைக் கவிழ்க்கிறானோ என்று ராசாத்திக்குத் தோன்றியது. குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"இது என் மூக்குத்தின்னா, செவுத்துல இத்தனை இருக்கே, அதெல்லாம் யாரோடதுங்க?"

கனி கண்ணாடியை மாட்டினார். சுவர் முழுக்கப் புள்ளிகள். கோபிநாத் வேறு வழியில்லாமல் வீடியோவை ஒரு துளி முன்னே ஓட்டினான். மூக்கிலிருந்த புள்ளி காதுக்குப் போனது.

"உள்ள வெளிச்சத்தை வாங்குற சென்சார் ரெண்டு கேமராவுலயும் ஒரே அளவுதான் பாய், நகத்தளவு கூட வராது. ஒரு மெகாபிக்சல்னா பத்து லட்சம் கட்டம். இருபது லட்சம் கட்டம் இருந்த எடத்துல கம்பெனிக்காரன் எம்பது லட்சத்தை அடைச்சிருக்கான். கட்டம் சிறுத்துப்போனா ஒவ்வொண்ணுலயும் விழுற வெளிச்சமும் கம்மி. பகல்ல பளிச்சுன்னு இருக்கும். இருட்டுனா இல்லாத புள்ளியெல்லாம் வரும்."

"விக்கிறப்ப சொல்லலியேடா?"

"நீங்க எத்தனை மெகாபிக்சல்னு மட்டும்தானே கேட்டீங்க?"

கனி அவனை முறைத்தார். ராசாத்தியிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "சரி, நீ போ. மத்த ரெண்டு பேர்ல மொதல்ல காவ்யாவை வரச் சொல்லு."

அவள் நகரவில்லை. வேலை தப்பித்தது. பேரும் தப்பித்தது. ஆனால் கண் திரையை விட்டு வரவில்லை. கனி அந்தப் பேரைச் சொன்ன பிறகு, முகமே இல்லாத அந்த உருவத்தின் தோளைப் பார்க்கப் பார்க்க, அச்சு அசல் காவ்யா மாதிரியே இருந்தது.