தனிமத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள்

சம்மதித்தால் ஒரு தடவைக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் இருப்பேன், அதற்குள் ஒரு கொட்டாவியைக்கூட முழுதாக விட முடியாது என்று எண்ணிக்கை அக்கா நினைத்துக்கொண்டாள். கணக்கில் தவறில்லை. புதுத் தனிமத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தவர், அந்தத் தனிமத்தின் ஓர் அணு எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்தான் தானும் தாங்குவார். பிறகு மறைந்து, வசதிப்பட்டபோது திரும்பி வருவார். ஆராய்ச்சி நிலையத்தின் அறிவிப்புப் பலகையில், வண்டி நிறுத்தும் விதிகளுக்குப் பக்கத்தில் இதுவும் ஒட்டப்பட்டிருந்தது. அதற்காக யாரும் மறுத்ததில்லை.

முதலில் கொடுத்தவர் பழைய தலைவர். அவருடைய தனிமத்துக்கு ஆயுள் பத்தொன்பது விநாடி. பெயர் உறுதியான அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு மறைந்தார். நாற்பது நிமிடம் கழித்து வந்து வாய் கொப்பளித்தார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வருகிறார். கனமான தனிமமாகையால் அவரும் கனத்துப்போனார். மூன்று நாற்காலிகள் உடைந்த பிறகு மனைவி ஓர் இரும்பு முக்காலி செய்யச் சொன்னார். மருத்துவரின் எடைக் கருவியில் முள் இரண்டு முழுச் சுற்று போய்ப் பூஜ்யத்தில் நின்றது. உடம்பு இளைத்துவிட்டது, நன்றாகச் சாப்பிடவும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அடுத்துக் கொடுத்தவர் கோட்பாட்டுக்காரர். அவருடையது மூன்று மில்லிவிநாடி. அவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்றாலும் வருகைப் பதிவேட்டில் ஒருநாளும் கையெழுத்து தவறியதில்லை. இரண்டு பதவி உயர்வும் ஆயிற்று. அவர் அறையின் தரை மட்டும் வருஷத்துக்கு ஒரு விரல்கடை இறங்குகிறது.

எண்ணிக்கை அக்காவின் வேலை திரையைப் பார்ப்பது. பதினோரு மாதம் ஒரு மெல்லிய தகட்டின் மேல் இடைவிடாமல் அணுக்களை மோதவிட்டால் ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொண்டு புதிதாகும். ஆன வேகத்தில் உடைந்தும் போகும். அதை யாரும் நேரில் பார்ப்பதில்லை. உடைந்ததில் பிறந்த சேய் அணுக்கள் வரிசையாக விட்டுப்போகும் துடிப்புகளை எண்ணி, இன்ன தாய் இங்கே இருந்திருக்கிறாள் என்று பின்னோக்கிச் சொல்ல வேண்டும். இந்த முறை அந்தத் துடிப்புகளை முதலில் கண்டவள் அவள்தான். பெயர் வைப்பதற்காகக் கூடிய குழு ஐந்து மாதம் ஊர்ப் பெயர்களில் அடித்துக்கொண்டது. கடைசியில் யாரோ ஒருவர், நம் நிலையத்தின் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லையே என்று கண்டுபிடித்தார். தனிமத்தைக் கண்டுபிடித்ததைவிட அதற்குக் கைதட்டல் அதிகம்.

அவளுக்கு ஆசை இல்லாமலில்லை. இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு கட்டுரையிலும் அவள் பெயர் பதினேழாவதாகவோ "மற்றும் பலர்" என்பதற்குள்ளோ இருந்தது. உலகத்திலுள்ள எல்லா வகுப்பறைச் சுவரிலும் ஒரு கட்டத்துக்குள் தான் மட்டும் தனியாக இருப்பதைக் குளிக்கும்போது கற்பனை செய்து பார்த்தாள். கட்டம் அழகாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை வீட்டில் சொன்னபோது மகள், "அம்மா, நீ என் கெமிஸ்ட்ரி புக்ல வருவியா? அப்போ உன்னை நான் மனப்பாடம் பண்ணணுமா?" என்று கவலைப்பட்டாள். பூகோள வாத்தியாரான கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "இப்ப மட்டும் என்ன, வீட்டுல குடியாவா இருக்கே? இதுலயாவது இவ்வளவு நேரம்னு ஒரு உத்தரவாதம் இருக்கு" என்றார். மகள் சிரித்தாள். எண்ணிக்கை அக்காவும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் பழைய தலைவரின் வீட்டுக்குப் போனாள். மனைவி தண்ணீர் கொண்டுவருவதற்குள் முக்காலி முனகியது. "யாரு, எண்ணிக்கையா? உன் பேரு வருதாமே, ரொம்ப சந்தோஷம். ஒரு முக்கியமான விஷயம் சொல்றேன், கேட்டுக்கோ. பேரு வைக்கிறதுங்கிறது சாதாரண காரியமில்லை. மனுஷனுக்கு என்னன்னா…" என்று பழைய தலைவர் மறைந்தார்.

"எட்டு வருஷமா அந்த முக்கியமான விஷயத்தைத்தான் சொல்லிட்டிருக்காரு. முன்னுரையைத் தாண்டினதில்லை" என்று மனைவி தண்ணீரை நீட்டினார். "ஆனா ஒண்ணும்மா, வீட்டுல சண்டையே கிடையாது. முதல்ல அழுதேன், மறைக்கல. இப்ப பாரு, அவர் ஆரம்பிக்கிறதுக்குள்ள போயிடுறாரு, நான் ஆரம்பிக்கிறதுக்குள்ளயும் போயிடுறாரு. ஊர்ல எல்லாரும் எங்களைத்தான் எடுத்துக்காட்டா சொல்றாங்க."

எண்ணிக்கை அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கோபம் உடனே வருகிற ஜாதி அல்ல. முதல் நாள் சிரித்துவிடுவாள். இரண்டாம் நாள் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படும். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வாய் திறக்கும். திறந்தால் கல்யாணத்திலிருந்து வரிசைப்படி வரும், ஒன்று விடாமல். கேட்டு முடித்துக் கணவர் வாயடைத்து உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கே அவர்மேல் பரிவு வந்துவிடும். அந்தப் பரிவுக்கு வேறு வழி கிடையாது. மூன்று நாள் நடந்துதான் அங்கே போக முடியும். திங்கட்கிழமை மேசையில் கேட்ட வார்த்தை இப்போதுதான் அவளுக்குள் சூடேறத் தொடங்கியிருந்தது. விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இருப்பவளுக்குச் சிரிப்பு மட்டும்தான் வாய்க்கும். கண்ணியமான மனைவியாகவும் மனப்பாடப் பகுதியாகவும் முடிந்துபோவாள்.

புதன்கிழமை பிற்பகல் புதுத் தலைவர் படிவத்தோடு அவள் மேசைக்கே வந்துவிட்டார். வயதில் இளையவர், அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரே ஒரு கையெழுத்துக்கா. உலகமே காத்திட்டிருக்கு."

"கல்லு, மண்ணு பேரும் வைக்கலாம்னு விதியில இருக்கே சார்."

"கல்லுக்குப் பாராட்டு விழா எடுக்க முடியுமாக்கா? மண்டபம் வேற பேசியாச்சு. வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கணவர் வீடு திரும்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"பிரச்சனை இனிமேதான் சார்" என்றாள். படிவத்தை மடிக்காமல், பேனாவை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு வேண்டாம்."